கல்லில் கிடக்கும் பறவை: லியாவோனிங் பலகையைச் சோதிப்பது எப்படி

டைனோசர் காலத்துப் பறவை ஒன்று முழுசாக, இறகோடு, ஒரே கல்லில் கையில் கிடைத்தால் அது பெரும்பாலும் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து வந்ததாக இருக்கும். அதிலும் பெரும்பாலும் கன்ஃபூஷியசோர்னிஸ். காகத்தை ஒட்டிய உருவம், பல் இல்லாத அலகு, நீண்ட சிறகு. 1995ல் பெயரிடப்பட்ட இந்தப் பறவை நூற்றுக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் கொட்டிய ஏரிகளின் அடியில் படிந்த மென்மையான களிப்பாறை அது. ஷேல் என்பார்கள். அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும்.

பிரச்சினையே அந்தப் பிரிதலில்தான். உளியால் தட்டிப் பிளக்கும்போது கற்பலகை ஒரே துண்டாக வருவது அபூர்வம். ஐந்தாக, பத்தாக, சில நேரம் ஐம்பதாக உடைந்துதான் வரும். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுவார். ஆகவே நீங்கள் பார்க்கும் ஏறக்குறைய எல்லாப் பலகையும் ஒட்டியதுதான். ஒட்டியிருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் துண்டும் பக்கத்துத் துண்டும் பூமிக்குள் இருந்தபோதும் அக்கம்பக்கமாகத்தான் இருந்தனவா?

கல்லூரி நிலவியல் துறையிலோ அருங்காட்சியகக் கிடங்கிலோ இப்படி ஒரு பலகை வந்து சேர்ந்தால் அதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதுதான் இங்கே. வரிசை முக்கியம். கரைப்பானை முதலில் எடுத்தால் புறஊதா விளக்கில் தெரிய வேண்டிய தடயம் போய்விடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

10 மடங்கு லூப்பு, நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அது போதும். 10 முதல் 40 மடங்கு வரை போகும் இருகண் நுண்ணோக்கி கிடைத்தால் பாதி வேலை சுலபம். வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. டார்ச் ஒன்று. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்று. முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ரூபாய் நோட்டு பார்க்க விற்கும் மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சம் கசிந்து எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் காட்டும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்குங்கள், அதில் சமரசம் வேண்டாம்.

இவை தவிர 0.1 மில்லிமீட்டர் துல்லியமுள்ள வெர்னியர், ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள், பச்சை, மஞ்சள், சிவப்பு மார்க்கர், அளவுகோலோடு படம் எடுக்க ஒரு கேமராவும் முக்காலியும், அசிட்டோன், காது குடையும் பஞ்சுக்குச்சி. பலகையை வைக்க மணல் நிரப்பிய துணிப்பை இரண்டு. மேசைமேல் நேரடியாக வைத்தால், ஒட்டு பலவீனமான இடத்தில் பலகை தன் கனத்திலேயே விண்டுபோகும். தண்ணீர் பக்கத்தில் வர வேண்டாம். இந்தக் களிப்பாறை ஈரத்தை உறிஞ்சி உப்பும், காயும்போது செதில் செதிலாகக் கழன்று வரும். ஈரத்துணியால் தூசி துடைத்தே இறகை இழந்த பலகைகள் உண்டு. மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

முதலில் முதுகைப் பாருங்கள்

பறவையைப் பார்த்ததும் கண் எலும்பிலேயே போய் நிற்கும். ஒட்டுவேலைக்காரர் நம்பியிருப்பது அதைத்தான். அதனால் பலகையை முதலில் கவிழ்த்து வையுங்கள், மணல்பைமேல், இருவர் பிடித்து.

பின்பக்கம் வேறொரு கல்லோ பலகையோ ஒட்டியிருக்கலாம். அதுவும் தனியாகக் குற்றம் இல்லை. ஷேல் ஒரு சென்டிமீட்டர்கூடக் கனம் இல்லாமல் வந்தால் பின்னால் தாங்கல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தாங்கல் இருந்தால், முன்பக்கத்து விரிசல்கள் பின்பக்கம் வரை ஓடுகின்றனவா என்று பார்க்கும் வாய்ப்பு போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கல் இல்லாமல் இருந்து, முன்னால் தெரியும் விரிசல் பின்னால் இல்லையென்றால், அல்லது பின்னால் தெரியும் ஒட்டு முன்னால் மறைந்திருந்தால், முன்பக்கத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். கார் கதவில் அடிபட்ட இடத்தைப் பட்டி பார்த்து நிரவுவது போலத்தான்: கல்தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்துவிடுவது.

அடுத்து விளிம்பு. ஓரத்தில் லூப்பு வைத்தால் நூல் நூலாக வரிகள் தெரியும், வெளிர் சாம்பல், அடர் சாம்பல், இடையிடையே மணல்மணலாக ஒரு சாம்பல் அடுக்கு. ஏரியில் படிந்த வரிசை அது. கடையில் பொருள்மேல் இருக்கும் பட்டைக்கோடு மாதிரி, ஒவ்வொரு அடுக்கின் கனமும் இடைவெளியும் அந்த இடத்துக்கே உரியது. ஒரு விரிசலின் இருபுறமும் இந்தக் கோடுகள் கோட்டுக்குக் கோடு பொருந்தினால் அந்த இரு துண்டும் உறவு. ஒரு பக்கம் 4 மில்லிமீட்டரில் ஒரு தடித்த கரும்பட்டை, மறுபக்கம் அதே ஆழத்தில் ஒன்றுமே இல்லை என்றால் நிறுத்தி யோசியுங்கள். ஓரமெல்லாம் ரம்பத்தால் அறுத்துச் சதுரமாக்கியிருந்தாலும் இது தெரியும், சொல்லப்போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஓரத்திலும் சாந்து பூசியிருந்தால்தான் கஷ்டம். அப்படிப் பூச வேண்டிய அவசியம் என்ன என்பதும் ஒரு கேள்வி.

இப்போது நிமிர்த்தி, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்துப் பிடியுங்கள், 10 முதல் 15 பாகைக்குள். நான்கு திசையிலிருந்தும். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் சமதளமாகத் தோன்றிய கல் இப்போது மேடு பள்ளமாக எழும். இயற்கையாகப் பிளந்த பரப்பில் படிப்படியாக இறங்கும் சிறு விளிம்புகள் இருக்கும். பட்டி பார்த்த இடம் வழவழப்பாக, அடுக்கே இல்லாமல், உப்புத்தாள் தேய்த்த வட்டக் கீறலோடு தெரியும்.

விரிசல் வரைபடம்

இதற்குச் செலவிடும் நேரம்தான் சோதனையின் உயிர். பிளாஸ்டிக் தாளைப் பலகைமேல் பட்டும் படாமலும் விரித்து (நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு வைத்து உயர்த்தினால் உரசாது), கண்ணுக்குத் தெரியும் எல்லா விரிசலையும் வரையுங்கள். துண்டுகளுக்கு எண் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு ஒட்டையும் லூப்பில் பார்த்து நிறம் தீட்டுங்கள்.

எலும்போ, இறகோ, கல்லின் அடுக்கோ, கறையோ ஒட்டைத் தாண்டித் தடையில்லாமல் போனால் பச்சை. இடையில் பட்டி நிரம்பி, இருபுறமும் பொருந்துமா என்று சொல்ல முடியாவிட்டால் மஞ்சள். எதுவுமே தாண்டிப் போகாவிட்டால், அல்லது தாண்டிப் போவது பொருந்தாவிட்டால் சிவப்பு. எலும்பு மட்டும் தொடர்வதை வைத்துப் பச்சை போடாதீர்கள். எலும்பைத்தான் செதுக்குவார்கள், வரைவார்கள். குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும்.

நல்ல சாட்சி ஒன்று உண்டு: மாங்கனீசு டென்ட்ரைட். கல்லின் அடுக்குக்கு இடையில் நீர் ஊறி, கறுப்பாகச் செடி படர்ந்தது போல் கிளைவிடும் கனிமக் கறை. ஆளால் அதை அச்சாக வரைய முடியாது. லூப்பில் பார்த்தால் ஒவ்வொரு கிளையிலும் இன்னும் சிறு கிளை, அதிலும் கிளை. ஒரு டென்ட்ரைட் ஒட்டுக்கு இந்தப்பக்கம் பாதியும் அந்தப்பக்கம் மீதியுமாக இருந்தால் அந்த ஒட்டுக்குத் தயங்காமல் பச்சை போடலாம்.

இந்தச் சாட்சி ஒருமுறை பெரிய வழக்கையே முடித்திருக்கிறது. 1985ல் வானியலாளர் பிரெட் ஹாய்லும் இலங்கையில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் போலி என்றார்கள். சுண்ணாம்புத்தூள் சாந்தில் கோழி இறகு மாதிரி எதையோ அழுத்திச் செய்தது என்பது குற்றச்சாட்டு. அருங்காட்சியகத்தில் ஆலன் சாரிக் குழு செய்தது இங்கே சொன்ன அதே வேலைதான். மயிரிழை விரிசல்கள் இறகுப் பதிவை ஊடறுத்து ஓடுவதையும், பலகையிலும், கல் பிளந்தபோது எதிர்ப்பக்கமாக வந்த அதன் ஜோடிப் பலகையிலும் அவை ஒன்றுக்கொன்று பொருந்துவதையும், டென்ட்ரைட்டுகள் இருபக்கமும் கண்ணாடிப் பிம்பமாக இருப்பதையும் காட்டி 1986ல் வெளியிட்டார்கள். மேலே சாந்து பூசியிருந்தால் அடியில் இருந்த பழைய விரிசல் மேலே வராது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எலும்புக்கு வரும்போது

எண்ணுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் எண்ணுங்கள். மேற்கை எலும்பு இரண்டு, தொடை எலும்பு இரண்டு, பாதம் இரண்டு. ஒவ்வொன்றும் இடமா வலமா, நமக்குக் காட்டுவது முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதுங்கள். இரண்டு வலக்கால் இருந்தால் வேலை முடிந்தது. எலும்பு விடுபட்டிருந்தால் கவலை இல்லை, இயற்கையில் விடுபடும். ஒரே பறவையில் இரட்டிப்பதுதான் இயற்கையில் நடக்காது.

பிறகு ஜோடி ஜோடியாக நீளம் அளங்கள். இடது வலது வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் அளவெடுத்த பிழை. 5 வரை போனால், ஒரு எலும்பின் முனை கல்லுக்குள் சாய்ந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் மஞ்சளைச் சிவப்பாக்குங்கள். இது ஒரு கைக்கணக்குதான், விதி இல்லை. அகலத்தை ஒப்பிட வேண்டாம். பாறை அழுத்தி நசுக்கியதில் அகலம் எப்படியும் மாறியிருக்கும், நீளம் அவ்வளவு மாறாது.

உடைந்த எலும்பின் வெட்டுமுகம் எங்காவது தெரிந்தால் அங்கே நுண்ணோக்கியை வையுங்கள். அசல் பறவை எலும்புக்கு முட்டை ஓடு போன்ற மெல்லிய சுவரும் உள்ளே வெற்றிடமும் இருக்கும். வெற்றிடத்தில் சில நேரம் கண்ணாடி போல் பளபளக்கும் கால்சைட் படிகம் வளர்ந்திருக்கும், சில நேரம் அது நசுங்கி இரண்டு சுவரும் ஒட்டியிருக்கும். பட்டியில் செதுக்கிய எலும்புக்குச் சுவரும் இல்லை, உள்ளும் இல்லை. ஒரே மாதிரித் தூள், அங்கங்கே வட்டமான காற்றுக்குமிழி. அந்தக் குமிழி ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது, தோசைமாவுக் குமிழியை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கினாற்போல இருக்கும்.

கன்ஃபூஷியசோர்னிஸ் என்று சொல்லித் தந்த பலகை என்றால் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள். அலகில் பல் இருக்கக் கூடாது. பல் இருந்தால் ஒன்று தலை வேறொன்றுடையது, அல்லது பறவையே வேறு. மேற்கை எலும்பின் தோள்பக்கம் கோடாலி மாதிரி விரிந்து, அந்த விரிவின் நடுவில் நீள்வட்டமாக ஒரு பெரிய ஓட்டை இருக்கும். இதுதான் இந்தப் பறவையின் முத்திரை. நெருங்கிய உறவான இயோகன்ஃபூஷியசோர்னிஸில் இந்த ஓட்டை கிடையாது. ஓட்டைக்குள் தாய்க்கல், அதாவது எலும்பைச் சுற்றியுள்ள அதே பாறை, நிரம்பியிருக்க வேண்டும், விளிம்பு வழவழப்பாக எலும்பாலேயே முடிய வேண்டும். ஓட்டையைத் துளைபோட்டுச் செய்திருந்தால் விளிம்பில் வெட்டுமுகம் தெரியும்.

கையில் மூன்று விரல், மூன்றும் தனித்தனி, மூன்றிலும் நகம். கட்டை விரலிலும் மூன்றாம் விரலிலும் நகம் பெரிது, கொக்கி மாதிரி வளைந்தது. நடுவிரல் நகம் மட்டும் சின்னது. ஒட்டுவேலைக்காரர் பல நேரம் மூன்றையும் ஒரே அளவில் அழகாகச் செதுக்கிவைப்பார், அழகு கெட்டது அங்கேதான். தோள்பட்டை எலும்பும் அதன் முன்னால் இருக்கும் எலும்பும் ஒன்றாக இணைந்திருக்கும். வாலில் எலும்பு நீண்டு போகாது, கடைசி முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரு தண்டாக முடிந்திருக்கும்.

வாலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒட்டுவேலை அதிகம் நடப்பது இடுப்புக்குக் கீழேதான். அதே பகுதியில் கிடைக்கும் ஜெஹோலோர்னிஸ் என்ற பறவைக்கு உண்மையிலேயே நீண்ட எலும்பு வால் உண்டு. ஆகவே 'நீள வால் கொண்ட பறவை' என்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. ஆனால் வால் முள்ளெலும்புகளை ஒட்டி, மூங்கில் சிம்பு கட்டினாற்போல் மெல்லிய எலும்புக் குச்சிகள் கட்டுக்கட்டாகப் போனால், அது மைக்ரோராப்டர் வகை டைனோசரின் வால். உடம்பு பறவையாகவும் வால் இப்படியும் இருந்தால், இடுப்பில் இருக்கும் ஒட்டை இன்னொரு முறை பாருங்கள்.

ஒரே காலை இரண்டு காலாக்கியது

ஆர்க்கியோராப்டர் என்று பெயர் பெற்ற பலகையில் நடந்தது இதுவேதான். லியாவோனிங்கில் எடுக்கப்பட்டு, சட்டத்துக்குப் புறம்பாக நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவின் டூசான் கற்சந்தையில் 80,000 டாலருக்கு விலைபோய், 1999 நவம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் டைனோசருக்கும் பறவைக்கும் நடுவே உள்ள கண்ணியாக வெளிவந்தது. மேலுடல் பல்லுள்ள யானோர்னிஸ் என்ற பறவை. வால் மைக்ரோராப்டர். சீனாவில் தொல்லுயிரியலாளர் ஷூ ஷிங் அதே வாலின் ஜோடிப் பலகையை, அதன் உண்மையான உடம்போடு கண்டுபிடித்ததும் கதை முடிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டிமத்தி ரோ எடுத்த சி.டி. ஸ்கேனில் மேற்பரப்பு 88 துண்டுகளால் ஆனது என்று தெரிந்தது.

கற்க வேண்டியது கால்களில் இருக்கிறது. ஷேல் பிளக்கும்போது எலும்பும் நடுவில் பிளந்து, பாதி இந்தப் பலகையிலும் பாதி ஜோடிப் பலகையிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே முழங்கால்கீழ் எலும்பும் பாதமும் இரண்டு பலகையிலும் பதிந்திருந்தன. ஒட்டியவர் இரண்டையும் ஒரே பலகையில் இடக்கால், வலக்கால் என்று வைத்துவிட்டார். இடக்காலும் வலக்காலும் எப்படியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்தானே, அதனால் வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நீளம் அளந்தாலும் கச்சிதமாகப் பொருந்தும், சந்தேகப்படும் அளவுக்குக் கச்சிதமாக.

காட்டிக்கொடுப்பது தற்செயலான விஷயங்கள். ஒரு விரல் எலும்பு குறுக்கே உடைந்த இடம், ஒரு துருக்கறை, நகம் கொஞ்சம் நழுவிய கோணம். இவை உயிரின் அமைப்பில் வந்தவை அல்ல, கல்லில் நேர்ந்தவை. இரண்டு காலில் ஒரே மாதிரி நேர வழியில்லை. ஆகவே இரண்டு காலையும் ஒரே அளவில் படமெடுத்து, ஒன்றைக் கணினியில் இடம் வலமாகப் புரட்டி மற்றதன்மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். விரிசலும் கறையும் மேலுக்கு மேல் விழுந்தால் அது ஒரே கால். கைகளுக்கும் இதையே செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

இறகு

அசல் இறகு என்பது கரிமம் படிந்த மெல்லிய கறுப்பு அல்லது பழுப்புப் படலம். மின் நுண்ணோக்கியில் அதில் நிறமிப் பொதிகள்கூடத் தெரியும். 2010ல் கன்ஃபூஷியசோர்னிஸின் இறகிலும் அவற்றைக் கண்டு எழுதினார்கள். நமக்கு லூப்பு போதும்.

படலம் கல்லின் ஓர் அடுக்கில் உட்கார்ந்திருக்கும். பிளந்த பரப்பு ஒரு படி இறங்கும் இடத்தில் இறகு அங்கே நின்றுவிடும், அடுத்த அடுக்கில் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். வண்ணம் தீட்டிய இறகு படியில் இறங்கி, கீறல் பள்ளத்துக்குள் வழிந்து, பட்டிமேலும் ஏறிப் போகும். சுத்தம் செய்த ஊசியின் கீறல் எலும்பைச் சுற்றி எப்போதும் இருக்கும். அந்தக் கீறலின் அடியில் கறுப்பு தங்கியிருந்தால் கீறலுக்குப் பிறகு வந்த கறுப்பு அது. 12 கோடி ஆண்டுக் கறுப்பு கீறலால் அறுபட்டிருக்க வேண்டும்.

விளிம்பையும் பாருங்கள். அசலில் இறகின் நுண்ணிழைகள் நுனியில் சற்றே பிரிந்து, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். தூரிகைக் கோடு தொடக்கத்தில் தடித்து நுனியில் மெலியும், மை கல்லின் துளைகளுக்குள் ஊறிப் பரவியிருக்கும்.

கன்ஃபூஷியசோர்னிஸ் சிலவற்றுக்கு வாலில் நாடா போன்ற இரண்டு நீள இறகுகள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. நாடா உள்ள பலகைக்கு விலை கூடுதல் என்பதால் இல்லாததற்கும் வரைந்துவிடுவார்கள். நாடா இல்லாததால் அது குறையுள்ள பலகை ஆகாது. 2013ல் அனுசுயா சின்சாமி குழு நாடா இல்லாத ஒன்றின் எலும்பை நுண்ணோக்கியில் பார்த்து, முட்டையிடும் காலத்தில் மட்டும் பெட்டைப் பறவைக்கு உருவாகும் திசுவைக் கண்டது. நாடா உண்மையானதா என்று பார்க்க, வால்தண்டை ஒட்டிய தொடக்கத்திலிருந்து நுனி வரை விரிசல் வரைபடத்தோடு சேர்த்துப் பின்தொடருங்கள். நடுவில் சிவப்பு ஒட்டு எதையும் தாண்டக் கூடாது. இரண்டு நாடாவும் முக்கால்வாசி தூரம் மெல்லிய பட்டையாகப் போய் நுனியில் அகலும்.

புறஊதா விளக்கு

அறை முழு இருட்டாக இருக்கட்டும். கண் பழக ஐந்து நிமிடம். டார்ச்சைக் கை நீளத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். எப்பாக்ஸி, அதாவது இரண்டு குழம்பைக் கலந்து இறுகவைக்கும் பசை, பால்வெள்ளையாக அல்லது நீலம் கலந்து ஒளிரும். வெள்ளைப் பசையும் நீலவெள்ளைதான். அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பெரும்பாலான வண்ணப்பூச்சு கறுப்பாக, ஒளியை விழுங்கினாற்போல் நிற்கும்.

எலும்பு எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்று ஒரு விதி சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் எலும்பு பளிச்சென்று ஒளிரும், லியாவோனிங் ஷேலில் பல நேரம் மங்கல், சில நேரம் ஒன்றுமே இல்லை. பார்க்க வேண்டியது ஒரே எலும்புக்கூட்டின் எலும்புகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்பது. இடக்கை வெளிர் மஞ்சளாகவும் வலக்கை இருட்டாகவும் இருந்தால் வரைபடத்தில் குறியுங்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, பலகை முழுக்க மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், இறகு உதிராமல் இருக்க. அப்போது எல்லாம் ஒரே நீலப் பனிமூட்டமாகத் தெரியும். அதைப் பார்த்து 'ஒரே சீராக இருக்கிறது, அசல்' என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பலகையில் புறஊதா எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு, கைபேசியில் படமெடுப்பது. கைபேசி தானாக வெண்மையைச் சரிசெய்து ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறம் காட்டும். கேமராவில் வெண்மையை 5500 கெல்வினில் நிறுத்தி, லென்சுக்கு முன்னால் புறஊதாவைத் தடுக்கும் மங்கிய மஞ்சள் வடிகட்டி போட்டு, முக்காலியில் 2 முதல் 10 வினாடி வரை திறந்து எடுத்தால்தான் ஒப்பிடத் தகுந்த படம் வரும்.

கரைப்பான், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்

பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, ஓரத்தில் எலும்பும் இறகும் இல்லாத ஒட்டின்மேல் 5 வினாடி உருட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், தீ பக்கத்தில் வேண்டாம். வெள்ளைப் பசையும், அருங்காட்சியகத்தார் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 பசையும் இளகிப் பிசுபிசுக்கும். ஃபெவிக்விக் வகை மெதுவாக இளகும். எப்பாக்ஸி அசையாது. குச்சியில் சாம்பல் நிறம் வந்தால், கல்லின் நிறத்துக்குப் பொருத்தி வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

சந்தேகமான இறகின்மேல் இதைச் செய்துபார்க்க ஆசை வரும். செய்யாதீர்கள். அசல் படலத்தையும் ஒரு பூச்சுதான் கல்லோடு பிடித்துவைத்திருக்கும். பூச்சு கரைந்தால் அசலும் பஞ்சோடு வந்துவிடும். கறுப்பு வந்ததால் போலி என்று நீங்கள் எழுதிவைப்பீர்கள், இனி மறுக்கவும் ஆதாரம் இருக்காது.

எக்ஸ்ரேயும் சி.டி.யும்

மஞ்சள் ஒட்டுகள் மிஞ்சியிருந்தால்தான் இது. மேலிருந்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயே நிறையச் சொல்லும். 2 சென்டிமீட்டர் கனத்துக்கு 50 அல்லது 60 கிலோவோல்ட்டில் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டி அடர்த்தி குறைந்து, உள்வரி இல்லாமல் வழவழப்பாக, இருண்ட தீவாகத் தெரியும். அசல் எலும்பு பல நேரம் மேலே தெரிவதோடு முடியாமல் தாய்க்கல்லுக்கு அடியிலும் தொடரும். செதுக்கிய எலும்பு பரப்போடு நின்றுவிடும். தாங்கல் கல்லின் விளிம்பும், உள்ளே வைத்த ஆணி, கம்பியும் தெரிந்துவிடும்.

மருத்துவமனை சி.டி.யில் தட்டையான கல் ஒரு தொல்லை. கதிர் மேலிருந்து போகும்போது 2 சென்டிமீட்டர்தான் கடக்க வேண்டும், பக்கவாட்டில் போகும்போது பலகையின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். அந்தத் திசையில் கதிர் போதாமல் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். பலகையின் நீளத்தைப் படுக்கையின் நீளத்தோடு வைத்து, குறுகிய பக்கமே குறுக்கே வருமாறு பாருங்கள். உச்ச கிலோவோல்ட், எலும்புக்கான கணிப்பு முறை, 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டு. ஒட்டுகள் கறுப்புக் கோடாக வரும். ஒரு கோட்டின் இருபுறமும் துண்டுகளின் கனமும் உள்ளடுக்கின் சாய்வும் ஒத்துப்போகின்றனவா என்று வெட்டு வெட்டாகப் போங்கள். மயிரிழை விரிசல் இந்த இயந்திரத்தில் தெரியாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

முடிவை எழுதும்போது

'அசல்', 'போலி' என்று ஒற்றைச் சொல்லில் எழுத வேண்டாம். வரைபடத்தில் பச்சை ஒட்டுகளால் மட்டும் இணைந்திருக்கும் துண்டுகளை ஒரு தொகுதியாகக் கொள்ளுங்கள். தொகுதி 1: துண்டு 1 முதல் 9, மண்டை, இரு சிறகு, மார்பு. தொகுதி 2: துண்டு 12, 13, இடக்கால். தொகுதி 1க்கும் 2க்கும் நடுவே உள்ள ஒட்டு மஞ்சள். இப்படி எழுதினால் பின்னால் பார்ப்பவர் எந்த எலும்பை நம்பி அளவெடுக்கலாம் என்பது தெளிவாக இருக்கும். ஆர்க்கியோராப்டரின் மேலுடலே தனியாகப் பார்க்கையில் நல்ல யானோர்னிஸ்தான்.

சிவப்புத் துண்டைப் பெயர்த்து எடுக்காதீர்கள். அது இன்னொரு விலங்கின் அசல் எலும்பாக இருக்கலாம், அதன் ஜோடிப் பலகை எங்கோ ஒரு கிடங்கில் இருக்கலாம். வரைபடம், எல்லா ஒளியிலும் எடுத்த படங்கள், அளவு அட்டவணை மூன்றையும் பலகையின் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

விலைக்கு வந்த பலகை என்றால் இத்தனையும் தொடங்குமுன் காகிதத்தைக் கேளுங்கள். புதைபடிவங்களைப் பாதுகாக்கும் சீனச் சட்டவிதிகள் 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அரசு அனுமதி இல்லாமல் இவை நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. அனுமதிக் காகிதம் இல்லாத பறவை, ஒட்டெல்லாம் பச்சையாக இருந்தாலும், ஆய்விதழில் ஏறுவது சிரமம். பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.